ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளுக்குப் பத்துப் பொருத்தம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்றைய எபிசோடை ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறேன். பயப்படாதீங்க, எல்லாரும் நல்லா இருக்கோம்.

போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் கேப்பர் மலைப் பக்கம் ஒரு செம்மண் தடம். நான் மாதக்கணக்கில் பணம் சேர்த்து, பாகம் பாகமாக வாங்கிக் கோத்த ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளை என் சித்தப்பா பையன் ஓட்டிப் பார்க்கிறான். வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டடி உயர மேட்டிலிருந்து சைக்கிளோடு குதித்தான். அந்த மாதிரி சைக்கிளே அதற்காகத்தான் இருக்கு. அவனுக்கும் அது புதுசு இல்லை. ஆனால் தரையில் இறங்கிய நொடியில், யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்தின மாதிரி பின் சக்கரம் நின்றுவிட்டது. ஹேண்டில் பாருக்கு மேலே போய் விழுந்தான்.

இடது பக்கக் காரை எலும்பு முறிவு. ஆறு வாரம் கையை மடக்கிக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் காலேஜ் போனான். சித்தி அந்த ஆறு வாரமும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அதில் நியாயம் இருந்தது. ஏன்னா தப்பு என்னுடையது. 6 மில்லிமீட்டர் தப்பு.

அந்த 6 மில்லிமீட்டர் எங்கே இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம், ஒரு ஃபிரேமை வாங்கி நீங்களே சைக்கிள் கோக்கணும்னா என்னென்ன பொருத்தம் பார்க்கணும், இதுதான் இன்றைக்கு.

எந்தக் கடையிலும் கிடைக்கும் சைக்கிள், எதுவும் பொருந்தாத சைக்கிள்

எனக்கு வேலை சென்னையில். ஊர் நெல்லிக்குப்பம். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில், கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். சர்க்கரை ஆலைதான் ஊருக்கு அடையாளம். சீசனில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் நாங்கள்.

எங்கள் தெருவில் ஓடிய சைக்கிள்களில் முக்கால்வாசி, பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளும் அப்பாக்களின் பழைய சைக்கிளும்தான். அதில் எது உடைந்தாலும் மெயின் ரோட்டில் பாய் கடைக்குப் போனால் போதும். காட்டர் பின், பால்ஸ், பிரேக் கட்டை, எல்லாம் டப்பாவில் இருக்கும். எந்த கம்பெனி சைக்கிள் என்று பாய் கேட்கக்கூட மாட்டார். பல பத்து வருஷமாக எல்லாக் கம்பெனியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் செய்ததால் வந்த வசதி அது.

மவுண்டன் பைக் உலகம் இதற்கு நேர் எதிர். பின் சக்கர அச்சின் அகலம் மட்டும் 135, 142, 148, 157 என்று நாலு அளவு. ஒவ்வொன்றும் "முன்னதைவிட உறுதி" என்று சொல்லி வந்ததுதான். சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் பழைய ஃபிரேமையும் புதுச் சக்கரத்தையும் வாங்கினவன் கதி அதோகதி.

முழு சைக்கிளாக வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் இங்கே லட்ச ரூபாயைத் தாண்டும். நான் பழைய ஃபிரேம் ஒன்றைப் பிடித்தேன். 2014 காலத்து அலுமினிய ஃபிரேம். 27.5 இஞ்ச் சக்கரத்துக்கானது, பின்பக்கம் 130 மி.மீ. டிராவல். ஷாக் இல்லாமல் வந்தது. டிராவல் என்றால், பின் சக்கரம் மேலே ஏறி இறங்கக்கூடிய தூரம்.

ஃபுல் சஸ்பென்ஷன் ஃபிரேம் என்பது ஒரே துண்டு இல்லை. முன் முக்கோணம் ஒன்று, பின் சக்கரத்தைப் பிடிக்கிற பின் முக்கோணம் ஒன்று. இரண்டையும் கதவுக் கீல் மாதிரி நாலைந்து பிவட் இணைக்கும். நடுவில் ஒரு ஷாக். சக்கரம் கல்லில் ஏறும்போது பின் முக்கோணம் மடங்கும், ஷாக் அமுங்கும். நம்ம ஊரில் 'டபுள் ஷாக்' என்று விற்கிற ஸ்பிரிங் சைக்கிளிலும் தத்துவம் இதுதான். துல்லியம்தான் வேறு.

சரி, பொருத்தத்துக்கு வருவோம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற மாதிரி, எண்ணிப் பார்த்தால் இதிலும் பத்துதான் வருகிறது. நான் ஒன்பது பார்த்தேன்.

ஒன்று, இரண்டு: முன்பக்கம்

முதலில் ஹெட் டியூப். ஹேண்டில் பாருக்குக் கீழே ஃபோர்க் நுழைகிற குழாய். பழைய ஃபிரேம்களில் இது மேலும் கீழும் ஒரே விட்டம். பிறகு வந்தவை டேப்பர். மேலே 1⅛ இஞ்ச் தண்டுக்கும் கீழே 1½ இஞ்ச் தண்டுக்கும் இடம் இருக்கும். என் ஃபிரேமில் உள்விட்டம் மேலே 44, கீழே 56 மி.மீ. ஹெட்செட் வாங்கும்போது இந்த இரண்டு எண்களைத்தான் சொல்லணும். 'டேப்பர் ஹெட்செட் கொடுங்க' என்றால் கடைக்காரர் கையில் இருக்கிறதைக் கொடுப்பார்.

ஞாபகம் வெச்சுக்கோங்க: நேரான தண்டுள்ள ஃபோர்க்கை டேப்பர் ஃபிரேமில் அடாப்டர் வைத்துப் போட்டுவிடலாம். டேப்பர் ஃபோர்க்கைப் பழைய ஒல்லியான ஃபிரேமில் போடவே முடியாது. பெரியதற்குள் சின்னது போகும், சின்னதற்குள் பெரியது போகாது. இந்த ஒரு விதி பல பாகங்களுக்குப் பொருந்தும்.

இரண்டாவது, ஃபோர்க்கின் உயரம். ஃபிரேம் 140 மி.மீ. ஃபோர்க்குக்காகச் செய்தது என்றால் 150 போடலாமா? பல கம்பெனிகள் அந்த 10 மி.மீ. கூடுதலை அனுமதிக்கும், கையேட்டில் எழுதியிருக்கும். ஃபோர்க் 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் டியூபின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி மாறும். சைக்கிள் திரும்புகிற குணமே மாறிவிடும். அதைவிட முக்கியம், நீளமான ஃபோர்க் நெம்புகோல் மாதிரி ஹெட் டியூப் வெல்டிங்கில் அதிக பலம் கொடுக்கும். கம்பெனி சொன்ன எல்லையைத் தாண்டாதீங்க.

மூன்று, நான்கு: சக்கரமும் அச்சும்

மூன்றாவது, சக்கர அளவு. '26', '27.5', '29' என்று சொல்வதெல்லாம் வாய் வார்த்தை. டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் '57-584' மாதிரி ஒன்று இருக்கும். 57 என்பது டயரின் அகலம், 584 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 26 என்றால் 559. 27.5 என்றால் 584. 29 என்றால் 622. மூன்று இலக்க எண் பொருந்தினால்தான் டயர் ரிம்மில் உட்காரும். அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் ஃபிரேமின் இரண்டு பக்கமும் டயருக்கு 5, 6 மி.மீ. இடைவெளியாவது இருக்கணும். நம்ம செம்மண் மழையில் நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு ஃபிரேமின் பெயின்டையே தேய்த்துவிடும்.

நான்காவது, அச்சின் அகலம். என் ஃபிரேம் 142×12. அதாவது ஹப் 142 மி.மீ. அகலம், அச்சின் விட்டம் 12 மி.மீ. எனக்கு முதலில் மலிவாகக் கிடைத்தது 148 மி.மீ. சக்கரம், அதை 'பூஸ்ட்' என்பார்கள். ஆறு மில்லிமீட்டர்தானே, ஃபிரேமைக் கொஞ்சம் விரித்துவிட்டால் நுழையுமே என்று நினைத்தேன். பழைய இரும்பு சைக்கிளில் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அலுமினியத்தில் அது ஆகாது. இரும்பு வளையும், அலுமினியம் வளைகிற மாதிரி வளைந்து ஒரு நாள் விரிசல் விடும். சஸ்பென்ஷன் ஃபிரேமில் பிவட் பேரிங்கும் கோணலாகத் தேயும்.

இதற்கும் அதே விதிதான். 148 ஃபிரேமில் 142 சக்கரத்தை அடாப்டரோடு போடலாம். 142 ஃபிரேமில் 148 நுழையாது. முன் அச்சுக்கும் இதே கணக்கு உண்டு: 15×100, 15×110. ஃபோர்க்கையும் முன் சக்கரத்தையும் சேர்த்தே யோசிங்க.

ஐந்து: பி.எஸ்.ஏ. மரை

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்த பொருத்தம். பெடல் கிராங்க் சுழல்கிற இடம், பாட்டம் பிராக்கெட். பாய் பாஷையில் பி.பி. செட்.

இதிலும் ஏகப்பட்ட வகை. மரை வெட்டாமல், பேரிங்கை அழுத்தி உட்கார வைக்கிற பிரஸ் ஃபிட் உண்டு. அதற்குத் தனிக் கருவி வேண்டும், துளை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கீச் கீச்சென்று கத்தும். என் அதிர்ஷ்டம், என் ஃபிரேமில் மரை வெட்டியிருந்தது. 73 மி.மீ. அகலம். வாங்க வேண்டிய பாகத்தின் பெயர் 'பி.எஸ்.ஏ. 73'.

பி.எஸ்.ஏ. என்று பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஏன்னா எங்கள் வீட்டில் அப்பாவுடையது பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிள். பிறகு விசாரித்தால் இரண்டும் ஒரே பி.எஸ்.ஏ.தான்: பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் இங்கிலாந்தில் துப்பாக்கி செய்பவர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. துப்பாக்கிக் குழாய்க்கு வேண்டிய துல்லியம் சைக்கிளுக்கும் கை கொடுத்தது. அவர்கள் பெயரில் நிலைத்த மரை அளவு, 1.37 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 மரை. இன்றைக்கும் புதிய மவுண்டன் பைக் ஃபிரேம்கள் பல அதே அளவில் வருகின்றன.

அந்தப் பெயர் இந்தியாவுக்கு வந்து, சென்னை அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக நம் வீடுகளுக்கு வந்தது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய கம்பெனி அது. இன்னொரு வேடிக்கை. 1842-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் எங்கள் ஊர் சர்க்கரை ஆலை ஈ.ஐ.டி. பாரியுடையது. அந்த பாரி கம்பெனி 1981-ல் முருகப்பா குழுமத்துக்கு வந்தது. ஆக, ஊர் ஆலையும் அப்பாவின் சைக்கிளும் இப்போது ஒரே குடும்பம்.

சரி, வேலைக்கு வருவோம். வலது பக்கக் கப்பை மாட்ட நான் அரை மணி நேரம் போராடினேன். பாய் வந்து பார்த்தார். "தம்பி, வலது பக்கம் ரிவர்ஸ் மரை. எந்தக் காலத்துலயும் அப்படித்தான்" என்றார். பூஸ்ட், ட்ரனியன் எல்லாம் அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த ஃபிரேமில் அவருக்கு உடனே அடையாளம் தெரிந்த இடம் அதுதான். பெடல் சுழலச் சுழல, பேரிங் வழியாகக் கப்பை எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்புகிற விசை ஒன்று உண்டு. அதில் கழன்றுவிடாமல் இருக்கத்தான் வலது கப்புக்குத் தலைகீழ் மரை. பெடலில் இது மாறி வரும். இடது பெடலுக்கு ரிவர்ஸ்.

ஆறு முதல் ஒன்பது வரை

ஆறாவது, கியர். பின் ஹப்பில் பல்சக்கரம் உட்கார்கிற உருளைக்கு ஃப்ரீஹப் என்று பெயர். பழைய ஷிமானோ ஹப்பில் இருப்பது எச்.ஜி. வகை. ஷிமானோ டியோரில் 12 கியர் எம் 6100 செட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகை வேண்டும். அதே டியோரில் 11 கியர் எம் 5100 செட் 11-51 பல்லோடு பழைய எச்.ஜி. ஹப்பிலேயே உட்காரும். நான் எடுத்தது அதுதான். ஒரு கியருக்காக முழுச் சக்கரத்தையும் மாற்ற வேண்டாமே! ஷிஃப்டரும் டிரெயிலரும் ஒரே குடும்பமாக இருக்கட்டும். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிள் இழுக்கிறது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

ஏழாவது, டிரெயிலர் ஹேங்கர். டிரெயிலர் தொங்குகிற சின்ன அலுமினியத் துண்டு. விழுந்தால் ஃபிரேமுக்குப் பதிலாக இது வளைந்து தியாகம் செய்யும். ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் வேறு. 2019-ல் ஸ்ராம் கம்பெனி யு.டி.எச். என்று ஒரு பொது வடிவத்தைக் கொண்டுவந்த பிறகு வந்த ஃபிரேம்களில் நிலைமை பரவாயில்லை. பழைய ஃபிரேம் என்றால், அதற்கான ஹேங்கர் இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபிரேமுக்குப் பணம் கொடுங்க.

எட்டாவது, பிரேக். டிஸ்க் பிரேக் பிடிப்பதற்கு ஃபிரேமில் இருக்கும் துளைகள் இரண்டு விதம்: ஐ.எஸ்., போஸ்ட் மவுன்ட். இதற்கு அடாப்டர் சுலபமாகக் கிடைக்கும். டிஸ்க்கின் விட்டம் 160, 180, 203 என்று வரும். ஃபிரேம் அனுமதிக்கும் அதிகபட்சத்தைப் பாருங்க. சில பிரேக்குக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் ஊதிப்போகும், பிரேக் போச்சு.

ஒன்பதாவது, சீட் போஸ்ட். 30.9-ம் 31.6-ம் கண்ணுக்கு ஒன்றுதான். வித்தியாசம் 0.7 மி.மீ. 31.6 குழாயில் 30.9 போட ஷிம் உண்டு. எதிர்ப்பக்கம் வழியில்லை.

இந்த ஒன்பதுக்கும் உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கருவி: வெர்னியர் காலிப்பர். டிஜிட்டல் காலிப்பர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஃபிரேமுக்கு முன்னால் அதை வாங்குங்க.

பத்து: ஷாக்

ஜாதகத்தில் மற்ற ஒன்பதும் பொருந்தி ரஜ்ஜு பொருந்தவில்லை என்றால் வேண்டாம் என்பார்கள். சைக்கிளில் ரஜ்ஜு, ஷாக்.

ஷாக்குக்கு இரண்டு எண். முதல் எண், இரண்டு முனைத் துளைகளின் நடுவுக்கு நடுவே உள்ள நீளம். இரண்டாவது எண் ஸ்ட்ரோக், அதாவது ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கும் என்பது. என் ஃபிரேமுக்கு வேண்டியது 200×51. விற்றவர் "200 ஷாக் போடணும்" என்றார். அது உண்மைதான். நான் பழைய ஷாக் ஒன்றைத் தேடிப் பிடித்தேன்: 200×57. இரண்டு முனையும் அழகாகப் பொருந்தின. முனையில் வருகிற புஷ்ஷும் ஸ்பேசரும் சரியான அகலத்தில் கிடைக்காததால், கடலூரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். அதில் ஒரு நூல்கூட ஆட்டம் இல்லை. பெருமையாக இருந்தது.

ஆனால் இரண்டாவது எண்ணைப் பார்க்கவில்லை. 6 மி.மீ. கூடுதலாக அமுங்கினால் இன்னும் சொகுசாகத்தானே இருக்கும் என்று ஒரு நினைப்பு.

கிணற்றுத் துலா பார்த்திருப்பீங்க, அல்லது படத்திலாவது. கட்டையான பக்கம் கொஞ்சம் அசைந்தால் நீளமான பக்கம் நிறைய அசையும். சஸ்பென்ஷன் ஃபிரேமும் ஒரு துலாதான். ஷாக் 51 மி.மீ. அமுங்கும்போது சக்கரம் 130 மி.மீ. ஏறுகிறது. 130-ஐ 51-ஆல் வகுத்தால் 2.55. ஷாக்கின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சக்கரம் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர் ஏறும். ஆக, நான் கொடுத்த 6 மி.மீ. கூடுதல், சக்கரத்தில் 15 மி.மீ. ஆனது. ஃபிரேமைச் செய்தவர்கள் டயருக்கும் சீட் குழாய்க்கும் நடுவே 15 மி.மீ. உபரி வைக்கவில்லை.

சாதாரணமாக ஓட்டும்போது ஷாக் கடைசி வரை அமுங்காது. அதனால் முதல் பத்து நாள் ஒன்றும் தெரியலை. இரண்டடி உயரத்திலிருந்து சின்னவன் இறங்கியபோது முதல் முறையாகக் கடைசி வரை போனது. டயர் சீட் குழாயில் போய் முட்டி நின்றது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு எனக்குக் காரணம் புரியவில்லை. கல்லில் மாட்டியிருக்கும், முன் பிரேக்கைப் பிடித்திருப்பான் என்று அவன் மேலேயே பழியைப் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பாய் கடையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியபோது, அவர் சீட் குழாயின் பின்பக்கத்தை விரலால் தடவினார். "தம்பி, இந்தக் கரி எப்படி வந்தது?" கறுப்பாக ஒரு ரப்பர் தேய்ப்பு, டயர் அகலத்துக்கு. ஷாக்கிலிருந்த காற்றை முழுவதும் இறக்கி, சீட்டை அமுக்கினோம். டயர் குழாயில் முட்டியது. ஷாக்கின் தண்டில் இன்னும் மிச்சம் இருந்தது. காலிப்பர் வைத்து அளந்தேன்: ஏறக்குறைய ஆறு.

அங்கிருந்து நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சின்னவனிடம், "உன் மேல தப்பு இல்லடா, நான் போட்ட ஷாக் தப்பு" என்றேன். அவன், "அதை அம்மாகிட்ட சொல்லு" என்றான். சொன்னேன். சொன்னதுதான் இந்த சைக்கிள் வேலையிலேயே கஷ்டமான வேலை.

கோக்கும்போது

அந்த ஷாக்கை அளவைத் தெளிவாகச் சொல்லி விற்றுவிட்டு, 200×51 வாங்கினேன். பிறகு முழு சைக்கிளையும் கழற்றி மறுபடி கோத்தேன். இரண்டாவது முறை கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்றேன்.

முதல் வேலை பிவட் பேரிங். இதற்கு வெளிநாட்டிலிருந்து கிட் வரவழைக்க வேண்டியதில்லை. பேரிங்கின் ஓரத்தில் எண் இருக்கும். என்னுடையதில் 6902; உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. மோட்டார் மெக்கானிக் வாங்குகிற அதே பேரிங் கடையில், இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதாக, 2ஆர்.எஸ். என்று கேட்டு வாங்கினேன். பேரிங் எண் உலகம் முழுக்க ஒன்றுதான். சுத்தியலால் தட்டி ஏற்றாதீங்க. நீளமான போல்ட், இரண்டு வாஷர், பேரிங்கின் வெளிவளையத்தை மட்டும் தொடுகிற சாக்கெட், இவற்றை வைத்து நட்டை மெல்ல முறுக்கினால் நேராக உட்காரும்.

இரண்டாவது, ஷாக்கை மாட்டுவதற்கு முன் பின் முக்கோணத்தைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்க. தன் எடையிலேயே மெதுவாக இறங்கணும். எங்காவது பிடித்தால் பேரிங் கோணல் அல்லது போல்ட் அளவுக்கு மீறி இறுக்கம். பிவட் போல்டுகளை டார்க் ரெஞ்சால், கையேட்டில் சொன்ன நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்க. மரையில் கழற்றக்கூடிய வகை நீலத் திரெட் லாக் ஒரு சொட்டு.

மூன்றாவது, நான் செய்யாமல் விட்ட சோதனை. ஷாக்கில் காற்றில்லாமல், சக்கரத்தை மாட்டி, சஸ்பென்ஷனைக் கடைசி வரை அமுக்குங்க. டயர் எங்கும் தொடக்கூடாது. ஷாக் தன் முழு ஸ்ட்ரோக்கும் போய் நிற்கணும். ஐந்து நிமிஷ வேலை. இதை அன்றைக்குச் செய்திருந்தால் இன்றைக்கு இந்த எபிசோடே இல்லை.

நான்காவது, அமுக்கின நிலையிலேயே செயின் நீளத்தை அளங்க. பெரும்பாலான ஃபிரேம்களில் சக்கரம் மேலே ஏறும்போது கிராங்குக்கும் பின் அச்சுக்கும் நடுவே தூரம் கூடும். நின்ற நிலையில் சரியாக வெட்டிய செயின், அமுங்கும்போது போதாமல் டிரெயிலரைப் பிய்த்துவிடும். பின் பிரேக் ஹோஸ், கியர் கேபிள் நீளத்தையும் இதே நிலையில் பாருங்க.

கடைசியாகக் காற்று. டயர் பம்ப் இதற்கு ஆகாது. ஷாக் பம்ப் தனி. உங்கள் எடையோடு ஏறி உட்கார்ந்தால் ஸ்ட்ரோக்கில் 25 முதல் 30 சதவீதம் அமுங்கணும். 51-ல் 30 சதவீதம் என்றால் சுமார் 15 மி.மீ. தண்டில் இருக்கும் ரப்பர் வளையம் அதைக் காட்டும். ஷாக்கின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைத் தாண்டக்கூடாது.

இது தேவையா?

நிறைய பேர் கேட்பது இது. நெல்லிக்குப்பம் மாதிரி தட்டையான ஊரில், சென்னை மாதிரி ரோட்டில், ஃபுல் சஸ்பென்ஷன் எதற்கு? தினமும் ஓட்டவென்றால் வேண்டாம். எடை கூடுதல், பராமரிப்பு கூடுதல். முன்பக்கம் மட்டும் ஃபோர்க் உள்ள சைக்கிள் போதும். அதே காசில் இன்னும் நல்ல பாகங்களோடு கிடைக்கும். கல்லும் வேரும் உள்ள மலைத் தடத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்குத்தான் இது. நான் மாதத்தில் இரண்டு ஞாயிறு போகிறேன். மிச்ச நாளில் அப்பாவின் எஸ்.எல்.ஆர்.தான்.

ஃபிரேம் வாங்கப் போறீங்கன்னா, ஒரு பேப்பரில் பத்து வரி எழுதிக்கோங்க: ஹெட் டியூப், ஃபோர்க் உயரம், சக்கரம், அச்சு, பி.பி., ஃப்ரீஹப், ஹேங்கர், பிரேக், சீட் போஸ்ட், ஷாக். ஒவ்வொன்றுக்கு எதிரேயும் எண் எழுதுங்க. எண் தெரியாத வரி எதுவும் இருக்கக்கூடாது. ஷாக் வரியில் மட்டும் இரண்டு எண்.

சின்னவன் இப்போ மறுபடி ஓட்டுகிறான். ஏறுவதற்கு முன் என்னைப் பார்த்து, "காத்த எறக்கி அமுக்கிப் பாத்தியா?" என்று கேட்பான். ஒவ்வொரு முறையும் கேட்பான். நானும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்றேன்.